கழற்றிப் பார்க்காத மெமரி

போர்க்காலம். வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களைப் பதிவுசெய்த எங்கள் அலுவலகத்தின் பழைய கணினிக்குக் கூடுதல் மெமரி தேவைப்பட்டது. அளவையும் வேகத்தையும் காகிதத் துண்டில் எழுதி, கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறிக்கார யோகண்ணனிடம் கொடுத்தேன். கணினிப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது எந்த வகை என்று பார்க்கவில்லை.

அவர் கொண்டுவந்தது புதிய வகை. அடியிலுள்ள வெட்டு இடம் மாறியிருந்ததால் கணினியின் தாய்ப்பலகையில் இறங்கவில்லை. வரும் வழியில், அது என்ன சாமான் என்று கேட்டு, இராணுவச் சோதனைச்சாவடியில் அவரை மூன்று மணிநேரம் விசாரித்திருந்தார்கள்.

“என்ட பிழை அண்ணன்.”

“விடு தங்கச்சி. பழசக் கழட்டித் தா, காட்டி மாத்திக்கொண்டு வாறன். ஆமிக்காரனுக்கும் இப்ப மெமரி எண்டா என்னெண்டு தெரியும்,” என்று சிரித்தார்.

மறுநாள் மாலை அவர் லொறியிலிருந்து இறங்கும்வரை என்னால் சாப்பிட முடியவில்லை. மெமரி சரியாக இறங்கியது. இரண்டு திருகாணிகளைக் கழற்றச் சோம்பி, ஒரு மனிதரை மறுபடியும் அந்தச் சாவடிக்கு அனுப்பியிருந்தேன். அவர் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.