மோன்ஸை அடைத்தாயிற்றா

மாஸ்தால் துறைமுகத்தில் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறவனுக்கு அஸ்தாவைக் கண்டாலே சிரிப்பு. மற்றவர்கள் மரத்தின் உயரம் பார்ப்பார்கள், கிளை பார்ப்பார்கள், ஊசி உதிர்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். எழுபத்தாறு வயது அஸ்தா கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்ப்பாள்.

"சரியா இருக்கா, இல்ல இன்னும் இளைச்ச மாப்பிள்ளையா பார்க்கட்டுமா?" என்றான் இந்த வருஷமும்.

"எனக்கு வாய்ச்ச மாப்பிள்ளையே போதும். நீ கயித்தக் கட்டு."

மாஸ்தால் இருக்கிற அந்தத் தீவில் மரத்தைச் சுவரோரம் சாத்தி வைக்கிற வழக்கம் இல்லை. பண்டிகைக்கு முந்தின நாள் மாலை, வாத்துக் கறி சாப்பிட்டு முடித்ததும், மரத்தைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, வீட்டிலிருப்பவர்கள் கைகோத்துப் பாடிக்கொண்டே சுற்ற வேண்டும். அஸ்தா கல்யாணமாகி வந்த வருஷம் ஒன்பது பேர் சுற்றினார்கள். மரம் கூரையை இடித்தது. பிறகு மாமனார் போனார், மாமியார் போனாள், நாத்தனார் ஒரு அலமாரிக்காகச் சண்டை போட்டுக்கொண்டு போனாள், ஒரே மகன் ட்ரோயெல்ஸ் நியூசிலாந்துக்குப் போனான். மிஞ்சியது அவளும் புருஷன் தோர்கிலும். இரண்டு பேர் கைகள் ஒரு மரத்தைச் சுற்றி எட்ட வேண்டுமே. அதனால் வருஷா வருஷம் மரம் சிறுத்துக்கொண்டே வந்தது. இப்போது அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்கிறது.

நடுக்கூடத்தில் ஒண்டியாக நிற்கிற மரமும் பூனையும் ஒரே வீட்டில் இருப்பது வம்பை விலை கொடுத்து வாங்குகிற காரியம். அந்த வீட்டில் ஐம்பது வருஷமாகப் பூனை இல்லாமல் இருந்ததில்லை. ஒன்றன் பின் ஒன்றாக நான்கு பூனைகள், நான்குக்கும் மோன்ஸ் என்றே பெயர். புதுப் பெயர் யோசிக்கத் தோர்கிலுக்குச் சோம்பல்.

முப்பத்தெட்டு வருஷம் தோணித்துறைப் படகில் இயந்திரம் பார்த்தவர் அவர். இயந்திரம் அவர் சொன்ன பேச்சைக் கேட்டது, பூனை கேட்கவில்லை. விடுவாரா? மரத்தின் இரும்புக் காலில் மீன்வலை ஈயக்குண்டுகளைக் கட்டினார். அடியில் ஆரஞ்சுத் தோலைப் பரப்பினார், அந்த வாசம் பூனைக்கு ஆகாது. கண்ணாடிச் சாமான்கள் மேலே, காகித இதயங்களும் வைக்கோல் ஆட்டுப் பொம்மைகளும் நடுவில். கடைசிக் கிளைகளில் சின்னச் சின்ன வெண்கல மணிகள், பூனை காலை வைத்தால் வீடே எழுந்துவிடும். இத்தனைக்கும் மேல், படகிலிருந்து கொண்டுவந்த நீள மூக்கு எண்ணெய்க் குப்பியில் பூனை மேல் பீய்ச்சத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, முக்காலி போட்டுக் காவல் உட்காருவார். ராஜாங்கத்தைக் காக்கிறவர் மாதிரி ஒரு முறைப்பு வேறு.

அந்த முறைப்புக்குக் காரணம் உண்டு. ட்ரோயெல்ஸுக்கு நான்கு வயதிருக்கும்போது இரண்டாவது மோன்ஸ், மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருக்கையிலேயே மரத்தில் ஏறியது. மரம் சாய்ந்து திரைச்சீலையில் தீப் பிடித்துக்கொண்டது. தோர்கில் வெறுங்கையால் அணைத்தார். இடது உள்ளங்கையில் தழும்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். பூனையைத் துணி துவைக்கிற அறைக்குள் விட்டு, அதற்கும் ஒரு தட்டில் அரிசிக் கஞ்சி வைத்து, கதவைத் தாழிட்டு, "அடைச்சாச்சு" என்று அவர் அங்கிருந்து குரல் கொடுத்த பிறகுதான் அஸ்தா தீக்குச்சியை உரசலாம்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மகன் பெயர். இரண்டு வருஷமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் நான்காவது மோன்ஸ் வயதாகிச் செத்தது. அஸ்தா அதைக் கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டு, அந்த வாரச் செவ்வாய்க்கிழமையே இல்லத்துக்குப் போய் அவரிடம் சொன்னாள். அவர் அழுதார். அடுத்த செவ்வாய் "மோன்ஸ் எப்படி இருக்கு?" என்று கேட்டார். சொன்னாள். முதல்முறை கேட்கிறவராக மறுபடி அழுதார். மூன்றாவது செவ்வாய் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார்.

"அஸ்தாம்மா, இனிமே சொல்லாதீங்க," என்றாள் இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொள்கிற லோனே. "உங்களுக்கு அது செத்தது ஒரு தடவை. அவருக்கு வாராவாரம் சாகுது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சொன்னாத்தான் என்ன? யாரு கணக்கெடுக்கப் போறா?"

அஸ்தாவுக்கு அது வராது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் இருந்தவள். மீன் கெட்டுப்போயிருந்தால் தலைமையாசிரியர் முகத்துக்கு நேராகவே கெட்டுப்போச்சு என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவள். அதனால் நான்காவது செவ்வாய் பேசாமலே உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

அடுத்த வருஷம் அவரை வெளியே கூட்டிப்போக முடியாது, கால் இப்போதே தள்ளாடுகிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக, இது கடைசி மரம். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தை ஒரு சுற்று வர வேண்டும், அவ்வளவுதான்.

பண்டிகைக்கு முந்தின நாள் மூன்று மணிக்கு லோனே அவரைக் காரில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டு, ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். வெளியே அப்போதே இருட்டிக்கொண்டு வந்தது. அன்று அவர் தெளிவாக இருந்தார். வாத்துக் கறியை வாயில் வைத்ததும், "அஸ்தா, உப்புப் போடக் கையில்லையா உனக்கு?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே உப்பு ஜாடியை எடுத்துக் கொடுத்தாள். திட்டு வாங்கிச் சந்தோஷப்படுகிற காலம் வந்துவிட்டது.

சாப்பிட்டுக் கைகழுவியதும் கூடத்துக் கதவைத் திறந்தாள். தோர்கில் மரத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"யாரு சோடிச்சது இத?"

"நான்தான். ஏன்?"

"கண்ணாடிப் பறவையக் கொண்டுபோய்க் கீழ்க்கிளையில மாட்டியிருக்க. மணி எங்க? தோல் எங்க? பூனை இருக்கிற வீட்டுல எவளாவது இப்படிச் செய்வாளா?"

அஸ்தாவுடைய அம்மாவின் கண்ணாடிப் பறவைகள் அவை. ஐம்பது வருஷமாகப் பூனைக்கு எட்டாத உயரத்திலேயே தொங்கியவற்றை இந்த முறைதான் இஷ்டப்படி கீழ்க்கிளை வரைக்கும் மாட்டினாள். யாருக்குப் பயந்து மேலே மாட்டுவது? மணிகளைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

"மோன்ஸ் எங்க?" அவர் சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். திரைச்சீலையை விலக்கினார். "எங்கயோ பதுங்கியிருக்கு. என் குப்பியக் குடு."

"தோர்கில், வா, கையக் குடு. ஒரு சுத்து சுத்திடுவோம்."

"அறிவிருக்கா உனக்கு? வீடு பத்திக்கிறதுக்கா? யாராவது காவல் இருக்கணும்."

எண்ணெய்க் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் பறவைகளைக் கழற்றி மேலே மாட்டினாள். மணிகளைத் தேடி எடுத்து முழங்கால் வலிக்க வலிக்கக் கீழ்க்கிளைகளில் கட்டினாள். ஆரஞ்சு உரித்துத் தோலைப் பரப்பினாள். அவர் கண் கதவை விட்டு நகரவில்லை. கடிகாரம் ஐந்தைத் தாண்டி ஆறையும் தாண்டியது. செத்த பூனைக்கு ஒரு மனுஷன் காவல் இருப்பதை அவளால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"மோன்ஸ் துணி துவைக்கிற அறையில இருக்கு," என்றாள். "கஞ்சி வச்சு அடைச்சிட்டேன்."

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடையில் நடந்து, அந்தக் கதவில் காதை வைத்தார். அவள் கூடத்து வாசலில் நின்றாள்.

"சத்தமே இல்லையே."

"வயசாயிடுச்சுல்ல. தின்னுட்டுத் தூங்கும்."

அவர் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, பழைய படகுக்காரக் குரலில், "அடைச்சாச்சு," என்றார்.

அஸ்தா தீக்குச்சியை உரசினாள்.

பதினாறு மெழுகுவர்த்திகள். எதிரும் புதிருமாக நின்று மரத்தைச் சுற்றிக் கை நீட்டினார்கள். விரல்கள் எட்டின, உள்ளங்கைகளும் எட்டின. அவள் வலது கையில் அந்தத் தழும்பு தட்டுப்பட்டது. பாடிக்கொண்டே பக்கவாட்டில் அடி வைத்தார்கள். அவருக்குப் பாட்டில் ஒரு வரி மறக்கவில்லை. முதல் சுற்று முடிந்தது.

இரண்டாவது சுற்றில் அவர் சுடர்களுக்கு நடுவே அவளை உற்றுப் பார்த்தார்.

"நல்லாப் பாடுறீங்க," என்றார் மரியாதையாக. "நீங்க இல்லத்துலேர்ந்து வந்தவங்களா?"

அவள் கால் நிற்கப் பார்த்தது. நிற்க விடவில்லை.

"ஆமாங்க."

"என் பெண்டாட்டி எங்க? அவ இல்லாம ஆரம்பிச்சா கோவிச்சுக்குவா."

"பூனையப் பார்க்கப் போயிருக்காங்க."

"அதானே பார்த்தேன்." அவர் சிரித்தார். "அடைச்சுவச்சா அவளுக்குப் பொறுக்காது. போய்க் கூட உட்கார்ந்துக்குவா. அவ வர்ற வரைக்கும் நீங்க கைய விட்டுடாதீங்க."

"விடலங்க."

ஒரு சுற்றுக்கு ஆசைப்பட்டவளுக்கு எத்தனையோ சுற்று கிடைத்தது. அவர் பெண்டாட்டிக்காக நடைப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சுற்றினார். அவள் அழுதாள், பாட்டை நிறுத்தவில்லை. மெழுகு உருகி மணிகள் மேல் சொட்டியது. பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். லோனே வந்து வாசல் மணியை அடிக்கிறவரை அப்படியே போயிற்று.

காரில் உட்கார வைத்து இருக்கைப் பட்டையை மாட்டும்போது தோர்கில் அஸ்தாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவகிட்ட சொல்லிடுங்க. மெழுகுவர்த்தி அணைச்சதும் மோன்ஸத் திறந்து விடணும். மறந்துட்டா அது கதவப் பிறாண்டும்."

"சொல்றேங்க," என்றாள்.

கார் முனை திரும்பியதும் உள்ளே வந்து பதினாறையும் ஒவ்வொன்றாக ஊதி அணைத்தாள். பிறகு நடையில் போய்த் தாழ்ப்பாளை நீக்கி, துணி துவைக்கிற அறையின் கதவைத் திறந்தாள். உள்ளே மடிக்காத துணியும், கவிழ்த்து வைத்த கஞ்சித் தட்டும் இருந்தன. ஒரு கிழட்டுப் பூனை எழுந்து சோம்பல் முறித்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.