தண்டு போல ஒரு கால்

அந்தத் தச்சருக்குக் கொடி என்று பட்டப்பெயர். ஆள் ஒல்லி என்று நினைத்துவிட வேண்டாம். தொந்தி முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். அவர் செய்யும் மேசை நாற்காலிகளில் கொடி ஓடும், இலை மடங்கும், விதை வெடித்து நிற்கும். நேர்க்கோடு என்றாலே அவருக்கு ஆகாது. "நேரா வளர்ந்த கொடி ஒண்ணு காட்டுங்க பாப்போம்" என்று சண்டைக்கு நிற்பார்.

ஊருக்கெல்லாம் செய்தவர் மனைவிக்கென்று ஒன்றும் செய்ததில்லை. வீட்டில் கிடந்ததெல்லாம் விலை போகாத சாமான். முழங்கால் வலியால் அவள் தரையில் உட்கார முடியாமல் போனபோதுதான் மனிதருக்கு உறைத்தது. ஒரு நாற்காலி செய்தார். நான்கு கால்களும் பூசணித் தண்டு போல வளைந்து இறங்கின. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

உண்மையான தண்டு வளைந்தால் நாரும் கூடவே வளையும். இவரோ வளைவைப் பலகையிலிருந்து அறுத்தெடுத்தவர். வளைவில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும். அங்கே பலம் குறைவு, கால் பருமனாக இருந்தாக வேண்டும். இது தெரியாத தச்சன் கிடையாது. அவரும் பருமனாகத்தான் விட்டிருந்தார். கடைசியில் அது உலக்கை மாதிரி இருக்கிறதே என்று மனசு கேட்காமல் அரத்தால் தேய்த்து மெலிதாக்கினார். அழகுப் பித்து கண்ணை மறைத்தது, வேறென்ன சொல்ல?

ஒரு நாள் காலையில் அவள் உட்கார்ந்ததும் நாற்காலியின் கால் மளுக்கென்று ஒடிந்தது. விழுந்தவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

நன்றாகச் சாப்பிட்டால்தான் எலும்பு கூடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். அவளோ பாதித் தட்டோடு கையை உதறினாள்.

"இந்தக் கனத்த ஒடம்ப வச்சுக்கிட்டு உக்காந்தா எந்த நாற்காலிதான் தாங்கும்?"

நாளுக்கு நாள் உருகினாள். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"ஒன் ஒடம்பு இல்லம்மா, என் தப்பு. வளைவுல நார் குறுக்க இருந்துச்சு. தெரிஞ்சேதான் தேய்ச்சேன்."

"நீங்களா? ஊரே உங்க கையப் பாத்து அசந்து போகுது. எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

ஒடிந்த காலை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்து, முறிவைத் தொட்டுக் காட்டினார். அவளுக்கு நாரும் தெரியவில்லை, குறுக்கும் தெரியவில்லை. வளைவை மட்டும் தடவிப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க! பாவி, நான் ஒடைச்சுட்டேனே" என்று தேம்பினாள்.

அன்று அவள் தட்டைத் தொடவே இல்லை.