மலைக்கு அந்தப் பக்கம் வேறு வெட்டுப்புள்ளி

1. முதல் நாள்

நான் தொழில் வழிகாட்டல் அறைக்குள் போய் உட்கார்ந்த முதல் நாள், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான மறுநாள். அறை என்று சொல்வது மரியாதைக்காக. விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் இடத்தைப் பலகை அடித்துப் பிரித்து, ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டிருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் காற்றுப்போன பந்துகளின் வாடை வரும்.

எனது பாடம் புவியியல். கண்டி நகரத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலை. அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் என்னைக் கூப்பிட்டு, "மிஸ், உங்களுக்குப் பாடவேளை குறைவு. இந்தப் பொறுப்பை நீங்கள் எடுங்கோ. எந்தக் கெம்பஸ் நல்லது, எது கிடைக்கும் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தால் காணும்" என்றார். எனக்குத் தகுதி அவ்வளவுதான்.

அன்று காலையில் வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "டீச்சர், எனக்குக் கெம்பஸ் கிடைக்குமா?" எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, அங்கே எப்படி இருப்பாய் என்று நான் திருப்பிக் கேட்டதும் முழித்தார்கள். கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறவர்களிடம் எது உனக்குப் பொருந்தும் என்று கேட்பது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

2. இடங்களை ஒப்பிடுவது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக உயர்தரப் புள்ளியை இசட் ஸ்கோர் ஆக்குவார்கள். ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்த புள்ளி. பெரிய பாடசாலைகள் நிறைந்த மாவட்டத்தில் அது உயரும். வசதி குறைந்த மாவட்டத்தில் தாழும். நீங்கள் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்களோ அதுதான் உங்கள் மாவட்டம். விண்ணப்பத்தில் படிப்பையும் இடத்தையும் சேர்த்து விருப்ப வரிசையில் எழுத வேண்டும். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள்.

ஒரே பெயருள்ள படிப்பு கண்டிக்குப் பக்கத்துப் பேராதனையில் எட்டாத உயரத்தில் இருக்கும், கிழக்கில் கைக்கு எட்டும். அது ஏன் என்று பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். அந்த இடத்தில் எப்படி வாழ்வது என்று விளக்குவதுதான் கஷ்டம். நான் புவியியல்காரி என்பதால் வெயிலில் இருந்து தொடங்குவேன். யாழ்ப்பாணம் என்றால் சூடு, உப்புத் தண்ணீர், ஆனால் தெருவெல்லாம் தமிழ். மட்டக்களப்பும் அப்படித்தான், வீட்டுக்கு வர ஒரு பகல் போய்விடும். பதுளை நம் குளிர்தான், ஆனால் நீ கேட்கிற படிப்பு அங்கே இருக்கிறதா என்று பார். பேராதனையில் மழை, ஏற்றம் இறக்கம், விரிவுரை ஆங்கிலத்தில், பக்கத்துக் கதிரையில் சிங்களம் பேசுகிற பிள்ளை. பயப்படாதே, முதல் வருடம் போனால் பழகிவிடும்.

அலவத்துகொடையில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் தாய் என் பேச்சை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சர், ஒலுவில் கெம்பஸுக்கு அனுப்பினா எனக்கு நெஞ்சு பதறாது. அங்க எங்கட ஆளுகள் ஈக்காங்க. அது போதும்" என்றார். வெயிலும் மழையும் சொல்லி நான் அரை மணி நேரமாகச் சுற்றி வந்த விஷயத்தை அவர் அந்த மூன்று வரியில் முடித்துவிட்டார்.

3. கலஹா பஸ்

தர்ஷினி கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா கணேசன், தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. அம்மா பாக்கியம் கொழுந்து பறித்தவர். சிறுநீரகம் பழுதாகி வேலையை விட்டுவிட்டார். பக்கத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் தர்ஷினி தினமும் பஸ்ஸில் எங்கள் பாடசாலைக்கு வந்தாள்.

அந்த பஸ் பேராதனை வளாகத்துக்கு நடுவே போகிற ரோட்டில்தான் வரும். இரண்டு பக்கமும் கட்டிடங்கள், பெரிய மரங்கள், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிற மாணவிகள். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். அவளுக்கு அது ஒரு பல்கலைக்கழகமாகவே தெரியவில்லை, தன் வீட்டுக்குப் போகிற வழியாகத்தான் தெரிந்தது. "எது விருப்பம்?" என்று நான் முதல் தடவை கேட்டபோது, "பேராதனை மெடிசின், டீச்சர்" என்றாள், பக்கத்துக் கடையில் ஏதோ வாங்குகிற மாதிரி. கெட்டிக்காரி. அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது.

அவளுக்கு ஒரு தங்கச்சி முறை, யோகேஸ்வரி. பாக்கியத்தின் தங்கை மகள். இருவருக்கும் ஒரே வயது. யோகாவின் தோட்டம் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், ஹேவாஹெட்டைப் பக்கத்தில். அங்கே மாவட்டம் நுவரெலியா. மேல் மலையில் ஏறி நின்றால் ஒருத்தி வீட்டுக் கூரையை மற்றவளுக்குக் காட்டலாம் என்பாள் தர்ஷினி.

யோகாவின் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இருந்தது, இரசாயனத்துக்கு ஆசிரியர் இல்லை. இடமாற்றம் வந்து ஒருவர் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை. அதனால் வார இறுதியில் யோகா மலையேறி பெரியம்மா வீட்டுக்கு வருவாள். எங்கள் பாடசாலையில் படித்த இரசாயனத்தைத் தர்ஷினி அவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். தோட்டக் குடியிருப்பின் லயத்து அறையில் ஒரே பாயில் உட்கார்ந்து இருவரும் படித்தார்கள்.

4. இரண்டாம் ஷை

முதல் தடவை இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை எழுதுவதை எங்கள் பிள்ளைகள் 'செகண்ட் ஷை' என்பார்கள். அதில் இருவருடைய புள்ளியும் ஏறியது. தர்ஷினியுடையது யோகாவுடையதை விடத் தெளிவாகவே கூடுதல்.

யோகாவுக்கு மருத்துவம் கிடைக்கும் என்று தெரிந்தது. அவள் மாவட்டத்துக் கடந்த வருட வெட்டுப்புள்ளியை அவள் தாண்டியிருந்தாள். தர்ஷினி கண்டி மாவட்டம். நகரத்துப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளோடு, டியூஷனுக்குப் பெயர்போன ஊரின் பிள்ளைகளோடு ஒரே வரிசை. அவளுக்கு மயிரிழையில் தவறிவிடும் என்று கடந்த வருடங்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. மருத்துவம் மட்டுமல்ல, பேராதனையில் அவள் கேட்ட மற்றப் படிப்புகளும் சந்தேகம்தான்.

யோகா என்னைத் தேடி வந்தாள். என் மாணவி இல்லை, ஆனாலும் வந்தாள். கதிரையில் உட்காரவே இல்லை.

"டீச்சர், அவ சொல்லிக் குடுத்த கெமிஸ்ட்ரியத்தான் நான் எழுதினேன். அவளுக்கு என்னைவிட மார்க்ஸ் கூட. இது எப்படிங்க டீச்சர் சரி?"

"உன் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்கு டீச்சர் இல்லாம இருந்தது மட்டும் சரியா?" என்றேன்.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"நீ போய்ப் படி. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

அவள் அழுதுகொண்டே போனாள். அவளுக்குக் கிடைத்தது நியாயம்தான். ஆசிரியரே இல்லாத பிள்ளைக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நியாயம் ஒரு மலைமுகட்டில் வந்து நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் அதே லயம், அதே கொழுந்துதான்.

5. விருப்ப வரிசை

விண்ணப்பம் நிரப்ப கணேசனும் தர்ஷினியும் வந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலே பேராதனைப் படிப்புகளை எல்லாம் எழுதினோம். அதற்குக் கீழே கிழக்கில் விவசாயப் படிப்பு ஒன்றை எழுதச் சொன்னேன். அது அவளுக்கு நிச்சயமாகக் கிடைக்கும்.

கணேசன் தலையை ஆட்டினார். "வேணாங்க டீச்சர். இவ அம்மாவுக்கு கிழமைக்கு ரெண்டு தடவ கண்டிப் பெரியாஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ணணும். கூட்டிட்டுப் போறது இவதான். நான் போனா வேலை போயிரும். பேராதனைன்னா கிளாஸ் முடிஞ்சு ஓடி வந்துருவா. அம்புட்டுத் தூரம் போனா யாருங்க பாக்குறது?"

'பொருந்துகிற இடம்' என்று நான் வருடக்கணக்கில் வெயிலையும் மழையையும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளைக்குப் பொருந்துகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் ஆஸ்பத்திரிக்கு பஸ் போகிற இடம். அந்த இடத்தில்தான் போட்டி அதிகம்.

"எழுதாம விட்டா இந்த வருஷம் ஒண்ணுமே கிடைக்காமப் போகலாம் ஐயா" என்றேன்.

தர்ஷினி எங்கள் இருவரையும் பார்க்காமல், "எழுதுங்க டீச்சர். அம்மாவும் எழுதச் சொன்னாங்க" என்றாள். எழுதினோம். அதே நிலைமையில் அதே பிள்ளை இன்று வந்தாலும் நான் அப்படித்தான் எழுதச் சொல்லுவேன். வேறு என்ன சொல்ல முடியும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கிழக்குத்தான் கிடைத்தது. அங்கே மாணவியாகப் பதிந்தால் மூன்றாம் ஷை எழுதினாலும் பயனில்லை, அந்தக் கதவு மூடிவிடும் என்று விளக்கினேன். போகாமல் விட்டு மறுபடி எழுதலாம், அதற்கும் நிச்சயம் இல்லை. பாக்கியம்தான் முடிவெடுத்தார். "என்னப் பாத்துக்கிட்டு ஒக்காந்தா இவளும் கொழுந்துக்குத்தான் போகணும்" என்று சொல்லி அனுப்பினாராம். தர்ஷினி போய்ப் பதிந்தாள்.

அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நல்லபடியாக விடுதி கிடைத்தது, கூடப் படித்தவர்கள் அன்பாக இருந்தார்கள். தொலைபேசியில் பேசும்போது, வயல்கள் எவ்வளவு அகலம் தெரியுமா டீச்சர், மலையே இல்லாத வானத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று சிரித்தாள். நானும் கொஞ்சம் நிம்மதியானேன்.

இங்கே பாக்கியம் தனியாக பஸ்ஸில் போய் வரத் தொடங்கினார். ஒரு நாள் திரும்பும்போது மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு பயத்தில் ஆஸ்பத்திரி நாட்களை விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததாகப் புருஷனிடம் சொல்லியிருக்கிறார். மூச்சு முட்டி அம்புலன்சில் கொண்டுபோன பிறகுதான் விஷயம் தெரிந்தது. தர்ஷினி வந்தாள். ஒரு கிழமை என்று வந்தவள் திரும்பிப் போகவில்லை.

நான் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். லீவு கேட்போம், அடுத்த வருடம் தொடரலாம் என்றேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "அடுத்த வருஷம் அம்மாவுக்குக் குணமாயிருமா டீச்சர்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

6. ஆஸ்பத்திரியில்

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கண்ணுக்குக் காட்ட அதே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நடையில் வாங்கு ஒன்றில் பாக்கியமும் தர்ஷினியும் உட்கார்ந்திருந்தார்கள். கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்வதாகவும், ஆஸ்பத்திரி நாட்களில் முதலாளி விடுவதாகவும் சொன்னாள்.

பேசிக்கொண்டிருக்கும்போது வெள்ளைக் கோட்டுப் போட்ட மருத்துவ மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் யோகா இருந்தாள். எங்களைக் கண்டதும் கூட்டத்தை விட்டு ஓடிவந்து, பாக்கியத்தின் காலடியில் குந்தி, வீங்கியிருந்த கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். "பெரியம்மா, தண்ணி கூடக் குடிக்கிறீங்க. சொன்னாக் கேக்க மாட்டீங்களா?"

தர்ஷினி எழுந்தாள். "அம்மாவுக்கு சாப்பிட பணிஸ் வாங்கிட்டு வாறேன் டீச்சர்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். யோகா நிமிர்ந்து அவள் போவதையே பார்த்தாள். பிறகு அவளுடைய ஆட்கள் கூப்பிட்டார்கள், அவளும் போனாள்.

பாக்கியம் சொன்னார்: "ரெண்டும் பேசிக்கிறதே இல்லீங்க டீச்சர். சண்டையும் இல்ல. ஒண்ணு வந்தா மத்தது எந்திரிச்சுப் போயிருது. ஒரே பாயில கெடந்த புள்ளைங்க."

யோகா போய் வெகு நேரம் கழித்துத்தான் தர்ஷினி பணிஸ் பையோடு திரும்பி வந்தாள்.

7. நான் கற்றது

இந்த மாதிரிக் குறிப்புகளின் கடைசியில் ஒரு பாடம் சொல்ல வேண்டும். நான் கற்ற பாடத்தையும் அதை வைத்து என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உயர்தரம் முடிந்த பிறகு பல்கலைக்கழகங்களை ஒப்பிட்டுப் பயனில்லை. அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சை முடியும்போதே பேச வேண்டும் என்று கற்றேன். எந்த மாவட்டத்தில் படிக்கப் போகிறாய், வீட்டில் யார் உன்னை நம்பி இருக்கிறார்கள் என்று அப்போதே கேட்க வேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், முகட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு தகப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஏ. எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குச் சேர்க்க வேண்டும், கண்டியில் தங்க இடமும் பார்த்துவிட்டேன் என்றார்.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். இங்கே வந்தால் நல்ல ஆசிரியர்கள், ஆனால் கண்டி மாவட்டத்து வெட்டுப்புள்ளி. அங்கேயே இருந்தால் தாழ்ந்த வெட்டுப்புள்ளி.

அவர் யோசித்துவிட்டு, "அங்க கெமிஸ்ட்ரிக்கு டீச்சர் இல்லீங்களே?" என்று கேட்டார்.

"இந்த வருஷம் போடுவாங்கன்னு சொல்றாங்க" என்றேன். வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரித்தபோது அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

தகப்பனும் மகளும் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று பேசினார்கள். பிறகு வந்து, "அப்ப நாங்க அங்கேயே பாத்துக்கிறோம் டீச்சர். பெரிய உபகாரம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆசிரியர் வரவில்லை. அடுத்த தவணையில் அங்கே விஞ்ஞானப் பிரிவையே மூடிவிட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது கலைப்பிரிவில் இந்து நாகரிகம் படிக்கிறதாம்.