பஸ் விஷயத்தில் மட்டும்

கண்டிக்கு வெளியே ஒரு கிறிஸ்தவத் தியான இல்லத்தில், மௌன தியானத்துக்கு வருபவர்களுக்கு வழிகாட்டும் தொண்டர் அவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். நாம் பேசும்போது கண்களை மூடிக்கொள்வார். தூங்குகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அம்மாவைத் தனியே விட்டுவிட்டுக் கனடா போகலாமா என்று, அங்கே தங்கியிருந்த நாட்களில் தினமும் அவரிடம் கேட்டேன்.

"அத நான் சொல்லக் கூடாதுங்க. ஜெபத்துல ஆண்டவர்கிட்டயே கேளுங்க."

அதுதான் அவர்கள் முறையாம். ஆண்டவரும் வாய் திறக்கவில்லை.

கடைசி நாள் பஸ் ஏற்றிவிட வந்தார். கலஹாவிலிருந்து வந்த பஸ்ஸில் நான் கால் வைத்ததும் பையைப் பிடித்து இழுத்தார்.

"இதுல ஏறாதீங்க, மெதுவா உருட்டிக்கிட்டேதான் போவான்! பின்னால வர்றதுல போங்க. இடது பக்கம் உட்காருங்க, வெயில் படாது."

கனடா பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. பஸ்ஸில் மட்டும் தவறாமல் இடது பக்கம் உட்காருகிறேன்.