நெத்திலி தின்று ஆர்சனிக் பார்த்தது

2023 நவம்பர் 14, செவ்வாய், காலை ஆறே முக்கால், விடாத தூறல். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் பால் வாங்க நின்றவர்களிடம், "கீழ்வூட்டு அம்மா போர் தண்ணியில ஆர்சனிக் இருக்கு, யாரும் அவங்ககிட்ட இட்லி வாங்காதீங்க" என்று கத்தினேன். கையில் என் சிறுநீர்ப் பரிசோதனைத் தாள். அதில் ஆர்சனிக் அளவு அதிகம் என்றிருந்தது.

அந்த அம்மாள் தனி ஆள். வாசலில் இட்லி விற்பதுதான் பிழைப்பு. அவள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் மாடியில் குடியிருந்த நானும் குடித்தேன். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலால் நிலத்தடி நீரில் நஞ்சு கலக்கிறது என்று படித்துப் பயந்துபோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன்.

கொடுப்பதற்கு முன்பே பயத்தில் இன்னும் படித்தேன். உள்ளே புகுந்த ஆர்சனிக்கை ஈரல் உருமாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. அந்த வேலைக்கு உயிரணுக்களில் குளுட்டதயோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் வேண்டும். அது தீர்ந்தால் நஞ்சு உயிரணுவையே சிதைக்கும். புரதம் குறைந்தால் அதுவும் குறையும் என்று படித்ததும், காசிமேட்டு நெத்திலியை நான்கு நாள் மூன்று வேளையும் தின்றேன். ஆய்வகத்துப் பெண், "மீன் எதுனா சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றால் இன்னொரு நாள் வரச் சொல்வாள். இல்லை என்றேன்.

தெருவில் கத்திய பிறகு போனபோது, தாளைப் பார்த்த மருத்துவரும் அதையே கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

"கடல் மீன்ல இருக்கிற ஆர்சனிக் பெரும்பாலும் கெடுதல் இல்லாத வேற வகை சார். உடம்பு அதை மாத்தாம அப்படியே வெளிய தள்ளிடும். இந்த டெஸ்ட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

ஐந்து நாள் மீனில்லாமல் இருந்து மறுபடி கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது. தண்ணீரையும் சோதிக்கக் கொடுத்தேன். அதிலும் குற்றமில்லை. அதற்குள் பதினொரு நாள் அவள் மாவு புளித்துச் சாக்கடைக்குப் போயிருந்தது.

மெதுவாக அவள் வீட்டுக்குள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இங்க வந்து இன்னாத்துக்கு மொணகுற? கத்துன எடத்துல போய் சொல்லு."

மறுநாள் காலை தெருமுனையில் பால் வாங்க நின்றவர்களிடம் சொன்னேன். கத்தியபோது இருந்த குரல் வரவில்லை.

"நெத்திலிய துன்னது நீ, வெசம் என் தண்ணிலயா? நல்லா கீது நைனா உன் படிப்பு!" என்றாள், அங்கே வந்து நின்றிருந்த அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். மாவுக்கான காசை நீட்டினேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

இன்றும் மூன்று வீட்டார் அவளிடம் இட்லி வாங்குவதில்லை. நான் சொல்லியும் கேட்பதில்லை. பரிசோதனை இரண்டு, தண்ணீர்ச் சோதனை, மாவு எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஒன்பதாயிரத்து நானூற்று இருபது ரூபாய்.