ஸ்பிரிங் ஏணை

நேற்று என் மகன் மாமரத்திலிருந்து விழுந்தான். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். இன்று அவன் பந்தடிக்கப் போய்விட்டான். நான்தான் இன்னும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் எங்கள் கரம்பொன் வீட்டில் தொங்கிய ஏணை அதனால்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

தம்பி அப்போது கைக்குழந்தை. சேலையில் கட்டிய ஏணையை ஆட்டும் கை ஓய்ந்தால் வீரிட்டு அழுவான். அம்மா நித்திரையையே மறந்திருந்தார். கப்பலில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, லீவில் வரும்போது சிங்கப்பூரிலிருந்து தடித்த ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"ஏணையை இதிலை கட்டினா, பிள்ளை உதைக்க உதைக்கத் தானே ஆடும், அக்கா."

"என்ரை பிள்ளையைக் கம்பியிலை தொங்கவிட ஏலாது."

அப்பா மாமாவின் கட்சி. கூரை வளையில் ஸ்பிரிங்கை மாட்டி ஏணையையும் கட்டிவிட்டார். ஆனால் வெறும் ஏணையை ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வரும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதை மீற அப்பாவுக்கும் துணிவில்லை. ஆகவே குசினியிலிருந்து ஒரு பூசணிக்காயைத் தூக்கிவந்து உள்ளே கிடத்தினார். ஏணை இரண்டு விரல் இறங்கி, மேலும் கீழுமாய்த் துள்ளியது. அதே அளவில் இன்னொரு காய் வைத்தபோது நாலு விரல் இறங்கியது. இரண்டையும் எடுத்ததும் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. அப்பாவின் முகத்தில் அப்படியொரு பெருமை.

அம்மா அசையவில்லை. "பூசணிக்காய் காலடிச்சு உதறுமே?"

மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏணையில் ஏறினார். ஸ்பிரிங் முனகியது; இழுபட்டு இழுபட்டு, கடைசியில் கப்பல்காரர் நிலத்தில் குந்திக்கொண்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் எழும்பிய பிறகும் ஏணை முழுதாக மேலே போகவில்லை. நெருங்கியிருந்த சுருள்களுக்கிடையில் இப்போது வெளிச்சம் தெரிந்தது.

"பாத்தியளே, செத்துப் போச்சு!" என்றார் அம்மா.

அப்பா ஒரு பூசணிக்காயை மறுபடி வைத்தார். அதே இரண்டு விரல் இறக்கம். எடுத்தார், ஏறியது. "நீளம்தான் கூடியிருக்கு. குணம் மாறேல்லை," என்று கயிற்றைக் குறுக்கிக் கட்டினார்.

"விழுந்தா?"

"விழாது."

களைப்பில் அம்மா இணங்கினார். தம்பி உதைத்தான்; ஏணை துள்ளியது. துள்ளியதும் மறுபடி உதைத்தான். சற்று நேரத்தில் கால்கள் ஓய்ந்தன. சுவரில் சாய்ந்திருந்த அம்மா அவனுக்கு முந்தியே உறங்கிவிட்டார்.

அப்பா ஏணைக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்தார். ஏன் அங்கே என்று கேட்டேன்.

"இதிலை நிலம் குளிர்ச்சியாக் கிடக்கு, பிள்ளை."

நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். பங்குனி வெயிலில் சீமெந்து நிலம் அப்படியொன்றும் குளிரவில்லை. அதற்குப் பிறகும் வீட்டிலிருந்த மத்தியானங்களில் எல்லாம் அவர் அங்கேதான் படுத்தார். நித்திரைக்கென்று படுத்த மனிதர், மேலே தொங்கும் ஸ்பிரிங்கைப் பார்த்தபடி ஏன் கண்ணை மூடாமலே கிடக்கிறார் என்பதுதான் அப்போது எனக்கு விளங்கவில்லை.