சாப்பிட்டாச்சோ?

இத்தாலியில், பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டு எசமானியம்மா, சிஞ்ஞோரா, பாம்புக்குஞ்சு ஒன்று வளர்த்தார். மூன்று கிழமையாக அது எதையும் தொடவில்லை. அன்றும் தின்னாவிட்டால் டாக்டரிடம் கொண்டுபோவதாக இருந்தார். உறைந்த எலிக்குஞ்சைச் சுடுநீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டினேன்.

"தின்னடா ராசா, எனக்கும் பசிக்குது."

பின்னால் சிஞ்ஞோராவின் குரல்: "ஆ மாஞ்சாத்தோ?"

சாப்பிட்டாச்சோ என்று அர்த்தம். மரியாதையாகக் கேட்டால் ஆளுக்கும் பாம்புக்கும் அதே சொல்தான். நான்கு வருடத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்கிறார் என்று கண் கலங்கி, வெறும் வயிற்றோடு ஓமென்று தலையாட்டினேன்.

அவர் என்னைத் தாண்டிப்போய்ப் பாம்பின் கண்ணாடிப் பெட்டியை முத்தமிட்டார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எலிக்குஞ்சை ஏப்ரன் பைக்குள் ஒளித்தேன்.

டாக்டரிடம் போகாமலே ஒரு கிழமைக்குள் பாம்பு செத்தது. சிஞ்ஞோரா விம்மி அழுதார்.

அந்தப் பாம்புக்குஞ்சு எனக்கு ஒரு குற்றமும் செய்யவில்லை. அது செத்த அன்று மத்தியானம் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.